வீட்டோடு சேர்த்துக் கொடுத்த தூரம்

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. லிஃப்ட் வைத்த பிளாக்குகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அருகிலேயே பெரிய கார்ப்பரேட் மருத்துவமனை ஒன்று இருக்கிறது, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் ராஜீவ் காந்தி சாலையின் ஐ.டி. வளாகங்கள். இவ்வளவும் உள்ள இடம், ஆற்றோரக் குடிசைகளை அகற்றி அரசு மக்களை இங்கே குடியேற்றியபோது மாநகராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை. புனித தோமையார்மலை ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சி. கூவம், அடையாறு கரைகளில் தலைமுறைகளாகச் சென்னை மாநகராட்சிக்கு ஓட்டுப் போட்டுவந்த குடும்பங்கள், சாமான்களோடு ஒரே ஒரு லாரிப் பயணத்தில் கிராமவாசிகளாகிவிட்டன.

எந்த உள்ளாட்சியில் இருந்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் நம் நாட்டில் பொதுச் சேவைகள் எல்லாமே தலைக்கணக்கில் ஓடுகின்றன. சமவெளிக் கிராமப்புறத்தில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். நகர்ப்புறம் என்றால் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி. உள்ளாட்சிக்கு வரும் நிதிப் பகிர்விலும் மக்கள்தொகைதான் முதல் அளவுகோல். அந்தத் தலைகளைக் கடைசியாக எண்ணியது 2011-இல். அப்போது இன்றைய பெரும்பாக்கத்துவாசிகள் சென்னை நகருக்குள், ஆற்றோரத்தில் இருந்தார்கள், அங்கேயே எண்ணப்பட்டார்கள். பெரும்பாக்கம் அந்தக் கணக்கில் புறநகர் ஓரத்து ஊராட்சி, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 20,000 வீடுகளும் நிரம்பி, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 80,000 பேர். 800 பேருக்கு ஒன்று என்ற தளர்வான விகிதத்தில் பார்த்தாலே 100 அங்கன்வாடிகள் வேண்டும். கிராமப்புற விகிதப்படி இரண்டுக்கும் மேல் ஆரம்ப சுகாதார நிலையங்கள், பதினாறு துணை நிலையங்கள். இவை எதுவும் குடும்பங்களைப் போல லாரியில் ஏறி வருவதில்லை. கருத்துரு அனுப்ப வேண்டும், பணியிடம் அனுமதிக்க வேண்டும், கட்டடம் எழும்ப வேண்டும், செவிலியர் மாறுதலாகி வர வேண்டும். மக்கள் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறார்கள். சேவை வர வருடங்கள் ஆகின்றன. சுகாதார நிலையம், பள்ளி, அங்கன்வாடி, காவல் நிலையம் எல்லாம் பெரும்பாக்கத்துக்கும் பிறகு வந்தன. அந்த 'பிறகு' என்பதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டிவிடும்.

பொது சுகாதாரத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாடு பெருமைப்பட நிறைய இருக்கிறது. 1939-இலேயே சென்னை மாகாணத்துக்கென்று தனியாகப் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. நாட்டில் அதுதான் முதல். மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஒரு துறை, நோய்த்தடுப்புக்கும் சுகாதாரத்துக்கும் வேறொரு துறை என்ற பிரிவினை இங்கே நெடுநாளாக உறுதியாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது; 2024-இல் ஐ.நா. அமைப்பு ஒன்றின் விருதும் அதற்குக் கிடைத்தது. இதில் எதையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு ஏழைக் குடும்பத்தின் உடல்நலத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் முடிவு சுகாதாரத் துறையின் மேசைக்கு வருவதே இல்லை. வீட்டை எங்கே கட்டுவது என்ற நிலக் கோப்பு அது. அந்தக் கோப்பு நகரும் வழியில் சுகாதார அலுவலர் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

அந்தக் கோப்பு போன வழி

இது நேற்று ஆரம்பித்த கதை இல்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் உருவானது; அடுத்த ஆண்டு அதற்கான சட்டம். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது வாரியத்தின் முழக்கம். அதே 1971-இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்டால் ஒரு பாதுகாப்பு உண்டு: குடிநீர், கழிப்பறை, தெருவிளக்கு செய்து தரும் கடமை அரசுக்கு வந்துவிடும், நினைத்த நேரத்தில் காலி செய்துவிட முடியாது. 1985-இல் மேலும் 17 பகுதிகள் சேர்ந்தன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பட்டியல் நீளவில்லை. நகரம் பெருத்தது, குடிசைப் பகுதிகளும் பெருகின, பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது. பட்டியலில் இல்லாத இடங்களை ஒரே வார்த்தையில் 'ஆக்கிரமிப்பு' என்று சொல்லிவிட முடிந்தது. என் பார்வையில், பிற்பாடு நடந்த பலவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

ஆரம்பத்தில் வாரியம் மக்கள் இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் கட்டியது. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம், அயோத்திக்குப்பம் எல்லாம் அப்படி வந்தவை. 1977-இல் உலக வங்கிக் கடனோடு வந்த நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வேறு வழியைப் பிடித்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற அன்றைய நகர ஓரங்களில் மனை பிரித்து, சாலையும் குழாயும் போட்டுக் கொடுத்துவிடுவது. வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்வது. அந்த இடங்கள் இன்று நகரத்தின் நடுவே கலந்துவிட்டன. வெளியூர்க்காரர் ஒருவர் அந்தத் தெருக்களில் நடந்தால், இது ஏழைகளுக்காகப் போட்ட மனைப்பிரிவு என்று கண்டுபிடிக்கவே முடியாது. பல வருமானக்காரர்களுக்கும் பல அளவில் மனை ஒதுக்கியது அதற்கு ஒரு காரணம்.

2000-இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் தொடங்கியதும் திசை முழுதாக மாறியது. அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேல். 2004 சுனாமியில் வீடிழந்த கடலோரக் குடும்பங்கள் பலவும் அங்கேதான் அனுப்பப்பட்டன. 2005 டிசம்பரில் மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் வந்தபோது கட்டுமானத்துக்குப் பெரும் பணம் கிடைத்தது. அதோடு நிபந்தனைகளும் வந்தன: இத்தனை வீடு, இந்தத் தேதிக்குள். கட்டுவதற்குப் பணம் இருந்தது, நிலத்தை மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். நகருக்குள் பெரிய நிலம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் அதன் சந்தை மதிப்பு கண்ணைப் பறிக்கும். அரசு கையில் மொத்தமாக நிலம் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டடம் எழுந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து முடிவெடுத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டின் விலையை மட்டும் கணக்கில் எடுத்து, அந்த வீட்டில் வாழ்வதற்கு ஆகும் செலவைக் கணக்கில் எடுக்காவிட்டால் விடை எப்போதும் நகர எல்லைக்கு வெளியேதான் வரும்.

அந்தச் செலவை அரசு கட்டுவதில்லை, குடும்பம் கட்டுகிறது. பஸ் டிக்கெட்டில், ஷேர் ஆட்டோவில், விட்டுப்போன வேலையில், தவறிப்போன மருத்துவமனைத் தேதியில்.

இருபது, முப்பது கிலோமீட்டர்

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவத்தின் கரையில் குடியிருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் அப்படி ஆயிரம் பேர் உண்டு. காலையில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து, மதியம் மறுபடி ஒரு வீடு. எல்லாம் நடை தூரம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. பிரசவத்துக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபாய், அதாவது ஊர் வாயில் 'கோஷா ஆஸ்பத்திரி'. மாமியாருக்கு மாரடைப்பு என்றால் சென்ட்ரலுக்கு எதிரே பெரியாஸ்பத்திரி. தமிழ்நாட்டின் மிகச் சிறந்த அரசு மருத்துவமனைகள் அவளுக்கு ஆட்டோ தூரத்தில் இருந்தன. குடிசை ஒழுகியது, கொசு பிடுங்கியது, ஆறு நாறியது, அத்தனையும் உண்மை. அதே நேரத்தில், சென்னையில் ஒரு கோடீஸ்வரர்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று அவளிடம் இருந்தது. நகரத்தின் மையம்.

இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனதும் முதலில் அடிபடுவது அந்தப் பெண்ணின் வேலை. கட்டட வேலைக்கோ பெயின்ட் வேலைக்கோ போகும் ஆண் தட்டுத்தடுமாறியாவது பஸ் பிடித்துவிடுகிறார். வீட்டு வேலை பார்க்கும் பெண்ணின் கணக்கு வேறு. காலை ஆறரைக்கு மயிலாப்பூரில் இருக்க வேண்டும் என்றால் பெரும்பாக்கத்தில் எத்தனை மணிக்குக் கிளம்புவது? நடுவில் வீட்டுக்கு வந்துபோக முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்பு பக்கத்துக் குடிசையில் அத்தை இருந்தார், எதிர்வீட்டில் ஆயா இருந்தார். புதிய இடத்தில் வீடு ஒதுக்கியது குலுக்கல் முறையில். அத்தைக்கு வேறு பிளாக், ஆயாவுக்கு ஏழாவது மாடி. எந்தச் சலுகையும் கேட்காமல் இருபது வருடம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக் காப்பகத்தை ஒரே குலுக்கலில் கலைத்துவிட்டு, அப்புறம் அங்கன்வாடிக்குக் கருத்துரு அனுப்புகிறோம்.

வருமானம் பாதியானால் சாப்பாடு மாறும். பருப்பும் முட்டையும் குறைந்து, ரேஷன் அரிசி தட்டை நிறைக்கும். வேலைக்குப் போகாத ஆண்கள் வீட்டிலேயே இருந்தால் குடியும் கூடவே வரும். அடி வாங்கும் பெண் ஓடிப்போய் நிற்பதற்குத் தெரிந்த வாசல் இருக்காது. மனச்சோர்வு, பிள்ளைகளின் எடைக்குறைவு, காசநோய் மாத்திரை பாதியில் நின்றுபோவது என்று ஒவ்வொன்றும் தனித்தனி அட்டவணையில், தனித்தனித் துறையின் கூட்டத்தில் பேசப்படும். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே தூரம் என்பது எந்த அட்டவணையிலும் ஏறாது.

காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. மருந்து வாழ்நாள் முழுக்க. டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள். இப்படி ஒரு குறிப்பிட்ட மையத்தோடு கட்டுண்ட நோயாளிகள் இடம்பெயரும் குடும்பங்களில் எத்தனை பேர், அவர்கள் பதிவை எந்த மையத்துக்கு மாற்றுவது என்பதை லாரி வருவதற்கு முன்பே முடித்துவிட முடியும். இதற்குக் கோடிகள் வேண்டாம், நகர சுகாதார செவிலியர் கையில் இருக்கும் பதிவேடு போதும். குடியேற்றத்தை நடத்தும் துறை அந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிச் சேர்க்கையிலும் இதே கதை. பல தடவை கல்வியாண்டின் நடுவில் வீடுகள் இடிக்கப்பட்டன. பழைய பள்ளியை விட முடியாமல் விடியற்காலையில் பஸ் ஏறிய பிள்ளைகள் உண்டு, மாதக்கணக்கில் பள்ளிக்கே போகாமல் இருந்தவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் பேர் திரும்பிப் போகவே இல்லை.

இன்னொரு தூரம் கிலோமீட்டரில் அளக்க முடியாதது. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்பதால் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதும் பழக்கம் அங்கே இளைஞர்களிடம் வெகுகாலமாக உண்டு. எங்கோ ஒரு திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் தேடி வரும் இடம் என்ற பெயர். ஒரே வருமானத்தில், ஒரே மாதிரி விளிம்பில் நிற்கும் பதினைந்தாயிரம் குடும்பங்களை ஒரே இடத்தில் குவித்தால் அந்த இடத்துக்கு இப்படி ஒரு பெயர் வருவது விபத்து இல்லை. அரும்பாக்கம் மனைப்பிரிவுக்கு அப்படிப் பெயர் வராததற்கும் அங்கே நடந்த கலப்புதான் காரணம். 2020-இல் கண்ணகி நகர் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன, பத்திரிகைகள் எழுதின, மக்கள் வந்து பார்த்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்ததும், அந்த ஊர்ப் பெயர் குற்றச் செய்திக்கு வெளியே தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு முகவரியின் பெயரைக் காப்பாற்றும் வேலையைப் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் தலையில் வைப்பது திட்டமிடல் ஆகாது.

காற்றும் வெளிச்சமும்

கட்டடத்தின் அமைப்பே நோயைத் தரும் என்பதற்கு மும்பையில் நல்ல ஆதாரம் உண்டு. கோவண்டி, மான்குர்த் பகுதியில் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று இரண்டு மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையே சுமார் மூன்று மீட்டர்தான் இடைவெளி. 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அங்கே ஆய்வு செய்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டன. வெயிலும் காற்றும் நுழையாத இந்த இரண்டு குடியிருப்புகளிலும், இடைவெளி விட்டுக் கட்டிய பக்கத்துக் குடியிருப்பைவிடக் காசநோய் மிக அதிகம். கீழ்த்தளங்களில் நிலைமை இன்னும் மோசம். மேலே பார்த்தால் சிமென்ட் வீடு, மின்சாரம், கழிப்பறை, எல்லாம் உண்டு. குடிசையை ஒழித்தாயிற்று என்று கணக்கும் எழுதியாயிற்று.

சென்னையின் கட்டடங்கள் அவ்வளவு நெருக்கம் இல்லை என்பது உண்மை. இங்கே வேறு சங்கடங்கள். எட்டு மாடிக்கு லிஃப்ட் நின்றுபோனால் மூட்டுவலிக்காரர் வீட்டுக்குள் சிறை. கர்ப்பிணி பரிசோதனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவார். குடிசையில் வாசல் தெருவில் இருந்தது. இட்லி விற்றார், பூ கட்டினார், தெருவே கடையாக இருந்தது. ஏழாவது மாடியில் இட்லி வாங்க யார் வருவார்கள்? லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு பராமரிக்கக் குடியிருப்போர் சங்கங்களுக்கு அரசும் பங்கு கொடுக்கும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டம் இப்போது இருக்கிறது. சங்கம் உயிரோடு இருக்கும் பிளாக்குகளில் வித்தியாசம் தெரியும். வேலையிழந்து வந்தவர்களிடம் மாதச் சந்தா கேட்பதில் உள்ள சிக்கலையும் மறக்கக் கூடாது.

இருந்த இடத்திலேயே உயரமாகக் கட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அப்படித்தான் கட்டினார்கள். 2021-இல் மக்கள் குடியேறியதும் சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்ந்த காட்சி ஊரெல்லாம் பரவியது, ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு நடந்தது. ஆனாலும் அங்கே ஒன்று மிஞ்சியது. பூச்சு உதிர்ந்த வீட்டிலிருந்து அவர்கள் பழைய வேலைக்கு நடந்தே போனார்கள்.

வெள்ளம் என்ற வாதம்

இடமாற்றத்துக்கு ஆதரவாக அதிகாரிகள் வைக்கும் வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆற்றங்கரை ஆபத்தான இடம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முதலில் மூழ்கியவை கரையோரக் குடிசைகள்தான். அங்கே பிள்ளை வளர்ப்பது ஆரோக்கியமும் இல்லை. அதன் பிறகு ஆறுகளைச் சீரமைக்கும் பணியோடு இடமாற்றமும் வேகம் பிடித்தது. நியாயம்தானே என்று பலருக்கும் தோன்றியது.

எங்கே கொண்டுபோனோம் என்று வரைபடத்தைப் பார்த்தால் அந்த நியாயம் கொஞ்சம் ஆட்டம் காணும். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுற்றுவட்டாரம். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் இறங்கி வடியும் தாழ்வான பூமி. 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அங்கீகாரம் பெற்ற சதுப்பு அது. மழைக்காலத்தில் செம்மஞ்சேரிக் குடியிருப்பில் முழங்கால் தண்ணீர் நிற்பது வருடாவருடம் செய்தி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விட்டிருக்கிறோம், நடுவில் இருபது, முப்பது கிலோமீட்டர் வித்தியாசம். (அடையாற்றின் குறுக்கே விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை பாலம் போட்டு நிற்பதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை என்பதை இங்கே சும்மா குறித்து வைக்கிறேன்.)

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது, அங்கே வசித்த ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அந்த மக்களுக்கு மாற்று வீடு தரமாட்டோம் என்று அரசு சொல்லவில்லை; பெரும்பாக்கத்தில் தருவதாகத்தான் சொன்னது. அவர்கள் கேட்டது பக்கத்திலேயே வேண்டும் என்று. மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் கட்டப்படும் குடியிருப்புகளில் இடம் தருவதாகப் பிறகு சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பக்கத்தில் இடம் தர முடியும் என்பதை ஒரு சாவுக்குப் பின்னால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

யார் மேசையில்?

சரி, இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் யார்? நிலப் பயன்பாட்டைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) வரைகிறது. வீட்டை வாரியம் கட்டுகிறது. 2021 முதல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். சுகாதார நிலையம், நகரமானால் மாநகராட்சியிடமும் ஊரகமானால் பொது சுகாதாரத் துறையிடமும் இருக்கும். பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது, பள்ளி கல்வித் துறையுடையது, அங்கன்வாடி சமூக நலத் துறையுடையது, தண்ணீர் குடிநீர் வாரியத்துடையது. ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தாலும், நடுவில் இருக்கும் இடைவெளிக்கு யாரும் பொறுப்பாளி இல்லை.

அரசியல் சாசனம் இதை யோசிக்காமல் இல்லை. 1992-இன் 74-ஆவது திருத்தம் பெருநகரங்களுக்கு ஒரு பெருநகரத் திட்டக் குழு வேண்டும் என்றது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அந்தப் பரப்பிலுள்ள நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். அதாவது, பெரும்பாக்கம் ஊராட்சித் தலைவரும் சிந்தாதிரிப்பேட்டைக் கவுன்சிலரும் ஒரே மேசைக்கு வருவதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. பொது சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு மூன்றையும் பன்னிரண்டாவது அட்டவணை உள்ளாட்சியின் பணிகளாகப் பட்டியலிடுகிறது. நடைமுறையில் சென்னையின் திட்டமிடல் சி.எம்.டி.ஏ.வின் கையில்தான் இருக்கிறது.

வேறு எங்காவது இதைச் சட்டமாக்கிச் செய்கிறார்களா என்று தேடினால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைச் சொல்லலாம். அங்கே 2008-இல் வந்த பொது சுகாதார, நல்வாழ்வுச் சட்டப்படி, நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து 12 மாதத்துக்குள் ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் பகுதிக்கு ஒரு சுகாதார, நல்வாழ்வுத் திட்டம் எழுதியாக வேண்டும். அந்தத் திட்டமும் நில உபயோகத் திட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு எழுத வேண்டும். குடும்ப வன்முறையைத் தடுக்க என்ன செய்யப்போகிறோம் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். அந்த நாட்டின் செல்வத்தையும் மக்கள்தொகையையும் நம்மோடு ஒப்பிட முடியாது. எழுதிய திட்டமெல்லாம் நடந்துவிடுகிறது என்றும் இல்லை. ஆனால் வீட்டு மனை எங்கே என்று கேட்கும் ஆளும், அங்கே டாக்டர் எங்கே என்று கேட்கும் ஆளும் ஒரே கூட்டத்தில் உட்காரும்படி சட்டம் சொல்கிறது.

நம்மிடம் அதற்குச் சமமாக ஒன்று தற்செயலாக நடந்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிந்தது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வுப்படி ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம். மறுகுடியமர்வுப் பகுதிப் பெண்களுக்கு இதன் அர்த்தம் இன்னும் பெரிது. பஸ் காசே கூலியைத் தின்றுவிடுகிறது என்று நின்றுபோன வேலைக்குத் திரும்பப் போவது, மாதாந்திரப் பரிசோதனைக்குப் போவது, பழைய தெருவில் கல்யாணம் என்றால் தயங்காமல் கிளம்புவது என்று பலவும் அதனால் முடிகிறது. சுகாதார பட்ஜெட்டில் இல்லாத ஒரு சுகாதாரத் திட்டம் அது. தூரத்தின் விலையை இலவச டிக்கெட் குறைக்கிறது. தூரத்தின் நேரத்தைக் குறைப்பதில்லை. இலவசப் பயணத்துக்கான பிங்க் பஸ் வரும்வரை நிற்பதும், டீலக்ஸ் பஸ் காலியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அங்கே தினசரி நடப்பு.

அடுத்த இருபது வருடம்

இப்போது இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னைப் பெருநகரப் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் அரசாணை 2022-இல் வந்தது. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாரிப்பும் நடக்கிறது. பரப்பு ஐந்து மடங்கானால், 'நகரத்துக்குள்ளேயே மாற்று வீடு' என்ற சொல்லுக்கும் ஐந்து மடங்கு இடம் கிடைக்கும். இன்னும் தொலைவில் ஒரு பெரும்பாக்கத்தைக் கட்டிவிட்டு, பெருநகர எல்லைக்குள்தான் இருக்கிறது என்று யாரும் தைரியமாகச் சொல்லலாம். மறுகுடியமர்வுக்கென்று ஒரு வரைவுக் கொள்கையை 2021-இல் அரசு வெளியிட்டது, முன்கூட்டியே கலந்து பேசுவது பற்றியெல்லாம் அதில் இருக்கிறது. கொள்கை வேறு, வரைபடம் வேறு. நிலத்தில் கட்டுப்படுத்தும் சக்தி வரைபடத்துக்குத்தான் உண்டு.

நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு மாஸ்டர் பிளானை மக்கள் கருத்துக்கு வைத்தே ஆக வேண்டும். தடிமனான ஆவணமாக, பல தொகுதிகளாக வரும். எல்லாவற்றையும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. சில பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்தால் போதும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீட்டு நிலம் வரைபடத்தில் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. மெட்ரோ நிலையத்தையும் புறநகர் ரயிலையும் ஒட்டியா, அல்லது ஏரி உபரி நீர் இறங்கும் தாழ்வான பக்கமா. ஒரே இடத்தில் அதிகபட்சம் இத்தனை வீடுகள்தான் என்று வரம்பு ஏதாவது உண்டா. அந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு நண்பகலில் பஸ்ஸில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா. பள்ளியும் சுகாதார நிலையமும் திறந்த பிறகே சாவி கொடுக்கப்படும் என்ற வரி இருக்கிறதா. இல்லையென்றால், கருத்துக் கேட்புக்கான கடைசித் தேதிக்குள் அதை எழுதி அனுப்பலாம். மனு தமிழிலேயே இருக்கலாம்.